ஞானஸ்நானப் படங்கள் கெடுவது எதனால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தேவாலயத்தில் நடக்கும் ஞானஸ்நானத்தைப் படமெடுக்கும் பொறுப்பு, பெரும்பாலும் உறவினர்களுக்குள் கேமரா வைத்திருக்கும் ஒருவரின் தலையில்தான் விழுகிறது. பகல் வெளிச்சத்தில் நன்றாகப் படமெடுத்துப் பழகிய அவர், ஆலயத்துக்குள் நுழைந்ததும் தடுமாறிப்போகிறார். அப்படி எடுக்கப்பட்டு, "இதைக் கொஞ்சம் சரிசெய்து தர முடியுமா" என்ற கேள்வியோடு என்னிடம் வரும் படங்களில் கோளாறுகள் புதிது புதிதாக இருப்பதில்லை. ஒரு சில கோளாறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் பல, எடுத்த பிறகு கணினியில் திருத்த முடியாதவை. ஆனால் எடுப்பதற்கு முன்பு அரை நிமிடத்தில் தீர்க்கக்கூடியவை.

ஆகவே இந்த வழிமுறையைச் சடங்குக்கு முன்பே பயன்படுத்துவது நல்லது. முந்தைய வாரம், சடங்கு நடக்கவிருக்கும் அதே நேரத்தில் ஆலயத்துக்குச் சென்று, ஞானஸ்நானத் தொட்டியருகே ஒருவரை வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றைக் கையில் ஏந்தியபடி நிற்கச் சொல்லிச் சோதனைப் படங்கள் எடுங்கள். ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/250 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு முழுத் திறப்பு, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) தானியங்கி நிலையில் 6400 என்ற உச்ச வரம்புடன், ஃபிளாஷ் அணைத்து, கோப்பு வகை ரா (கேமரா பதிவுசெய்த தரவைச் சுருக்காமல் வைக்கும் வகை) என்று தொடங்கலாம். எடுத்தவற்றைக் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, தென்படும் அறிகுறிக்குரிய தலைப்புக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். பணம் செலவாகும் காரணம் கடைசியில் வரும். முதல் சோதனையிலேயே கோளாறு தீர்ந்துவிட்டால் மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

## படம் மங்கலாக இருக்கிறது

மங்கல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது நான்கு வெவ்வேறு கோளாறுகள். எது என்று பிரித்தறியாமல் புதிய லென்ஸ் வாங்குவது வீண் செலவு. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, எங்காவது ஒரு பொருளாவது கூர்மையாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தொட்டியின் விளிம்பு, பின்னாலுள்ள பெஞ்சின் முனை, மெழுகுதிரித் தண்டு, குருவானவரின் அங்கியிலுள்ள தையல் வேலைப்பாடு ஆகியவை இந்தத் தேடலுக்கு ஏற்றவை.

### படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால்

கேமராதான் அசைந்திருக்கிறது. லென்ஸின் குவியத் தொலைவை (அதன் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை) விட ஷட்டர் வேகம் மெதுவாக இருந்தால் இது நேரும், 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 என்பது கணக்கு, சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் தகடு) சிறிதாக உள்ள கேமராக்களில் அதை ஒன்றரை மடங்காக்கி ஏறத்தாழ 1/80 என்று கொள்ள வேண்டும். ஷட்டர் வேகத்தை உயர்த்துவதே முதல் தீர்வு. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு விசை இருந்தால் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு அணைந்துபோவது சாதாரணமாக நடக்கும். முழங்கைகளை உடலோடு ஒட்டிவைத்து, ஒரு தூணில் சாய்ந்துகொண்டு எடுத்தால் மேலும் உறுதி கிடைக்கும். ட்ரைபாட் எடுத்துச் செல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. நடுப்பாதையில் மூன்று கால்களை விரித்துவைத்தால் படம் எடுப்பவரும் நகர முடியாது, மற்றவர்களும் நடக்க முடியாது.

### பின்புறம் கூர்மையாக இருந்து, குழந்தையும் கைகளும் மட்டும் இழுபட்டிருந்தால்

அசைந்தவர்கள் படத்தில் இருப்பவர்கள். அதிர்வுத் தடுப்போ தூணோ இங்கே உதவாது. ஷட்டர் வேகம் ஒன்றுதான் உதவும். கையில் உறங்கும் குழந்தைக்கு 1/125 போதும். விழித்துக் கையைக் காலை ஆட்டும் குழந்தைக்கு 1/250 வேண்டும். தலையில் ஊற்றப்படும் நீர் துளித்துளியாக உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/500 தேவைப்படும். நீர் மெல்லிய இழையாகத் தெரிந்தால் போதும் என்பவர்கள் 1/250-லேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கேமராவை முழுத் தானியங்கி நிலையிலோ அப்பர்ச்சர் முன்னுரிமை நிலையிலோ விட்டிருந்தால், இருட்டைச் சமாளிக்க அது ஷட்டரை 1/30 வரையிலும், சில வேளை அதற்கும் கீழேயும் இறக்கிவிடும். அசையாத பீடத்தைப் படமெடுக்க அது சரியான முடிவுதான். குழந்தை அசையும் என்பது கேமராவுக்குத் தெரியாது. ஆகவே ஷட்டரை நீங்களே நிர்ணயித்துவிட்டு, ஐ.எஸ்.ஓ.-வை மட்டும் கேமராவின் பொறுப்பில் விடுங்கள். அப்படியும் படம் இருட்டாக வந்தால், தானியங்கி ஐ.எஸ்.ஓ.-வின் உச்ச வரம்பு எவ்வளவு என்று கேமராவின் அமைப்புப் பட்டியலுக்குள் (மெனு) சென்று பாருங்கள். அது 800 அல்லது 1600 என்று கட்டப்பட்டிருந்தால், மற்ற எதை மாற்றியும் பயனில்லை.

வரம்பை 6400-க்கு உயர்த்திய பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், தடை லென்ஸில் இருக்கிறது. கேமராவோடு வரும் 18–55 மி.மீ. லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.5 வரை திறக்கும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), 55 மி.மீ. வரை நீட்டினால் எஃப் 5.6 தாண்டித் திறக்காது. முன்னதோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு வெளிச்சம் குறைகிறது. எனவே தூரத்தில் நின்று லென்ஸை நீட்டுவதற்குப் பதிலாக, அகலக் கோணத்தில் வைத்து நீங்கள் இரண்டடி முன்னே செல்வது செலவில்லாத தீர்வு. அதற்கு இடமில்லை என்றால், எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை ஒருநாள் வாடகைக்கோ தெரிந்தவரிடம் இரவலாகவோ வாங்குங்கள், எஃப் 5.6-ஐ விட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும். இந்த ஒரு மாற்றம், விலை உயர்ந்த புதிய கேமரா செய்வதை விட அதிகம் செய்யும். இதற்குப் பிறகும் 1/125-க்கு மேல் செல்ல முடியாத அளவுக்கு ஆலயம் இருட்டாக இருந்தால், தொழில்முறைப் புகைப்படக்காரர் ஒருவரை அமர்த்தும்படி குடும்பத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே முறை. சோதனைப் படங்களைக் காட்டினால் அவர்களுக்கும் புரியும்.

### குழந்தை மங்கலாகவும் வேறொன்று கூர்மையாகவும் இருந்தால்

ஃபோகஸ் வேறிடத்தில் விழுந்திருக்கிறது. முகம் கண்டறியும் வசதியை நம்பி எடுத்தவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. துணிக்குள் புதைந்து பாதி மட்டுமே தெரியும் குழந்தை முகத்தைவிட, நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் குருவானவரின் முகத்தையே கேமரா விரும்புகிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் புனிதர் சிலை ஒன்று இருந்துவிட்டால் அதையும் விடுவதில்லை. சிலையின் இமைகள் வரை தெளிவாகத் தெரிய, முன்னால் குழந்தை மங்கிக் கிடக்கும் படங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். முகம் கண்டறிதலை அணைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்து, அதைக் குழந்தையின் கண்களில் கேமராவுக்கு அருகிலுள்ளதன் மேல் வையுங்கள்.

ஃபோகஸ் குழந்தை மேல்தான் இருக்கிறது, ஆனால் நீர் ஊற்றும் கையும் குருவானவரும் மங்கிவிட்டார்கள் என்றால், அது ஆழம் போதாத கோளாறு. சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து 2 மீட்டரிலிருந்து எடுத்தால், கூர்மையாக இருக்கும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ 11 செ.மீ. மட்டுமே. எஃப் 4-க்கு மூடினால் அது 24 செ.மீ. ஆகும். குழந்தை தனியாக இருக்கும் படங்களுக்கு எஃப் 2, தொட்டியருகே இருவரும் சேர்ந்திருக்கும் படங்களுக்கு எஃப் 4 என்று பிரித்துக்கொள்வது வசதி.

புள்ளியைச் சரியாக வைத்தும் ஒவ்வொரு படத்திலும் ஃபோகஸ் சில அங்குலம் முன்னோ பின்னோ விழுகிறது என்றால், ஒரு சோதனை செய்யுங்கள். அசையாத ஒரு பொருளை வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகவும், பிறகு பின்புறத் திரை வழியாகவும் எடுத்து ஒப்பிடுங்கள். திரை வழியே எடுத்தது மட்டும் கூர்மையாக இருந்தால், கண்ணாடி உள்ள எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில் லென்ஸுக்கும் ஃபோகஸ் உணரிக்கும் இடையே பொருத்தம் விலகியிருக்கிறது. சில கேமராக்களின் பட்டியலிலேயே இதற்கான நுண்திருத்தம் உண்டு. இல்லையென்றால் பழுது பார்க்கும் நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சடங்கு நெருங்கிவிட்டால், அன்றைக்குத் திரை வழியாகவே எடுத்துச் சமாளிக்கலாம்.

### எங்குமே கூர்மை இல்லாமல் வெண்புகை படர்ந்தது போலிருந்தால்

லென்ஸின் முன்கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் விரல் ரேகை இருக்கும். நுண்ணிழைத் துணியால் துடைத்தால் தீர்ந்தது. குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கிய உடனே கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் படியும். துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டு, வெளி வெப்பத்துக்குப் பழகவிட்ட பிறகு எடுங்கள். சன்னலை நோக்கி எடுத்தவற்றில் மட்டும் புகை தெரிந்தால் லென்ஸ் மூடாக்கைப் பொருத்துங்கள், அல்லது இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், லென்ஸைக் கழற்றி ஒருபுறம் டார்ச் அடித்து மறுபுறத்திலிருந்து பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதை நீங்களே திறந்து துடைக்க முயலாமல், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

## லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, படம் பதிவாகவே இல்லை

ஃபோகஸ் பிடிக்கக் கேமராவுக்கு வெளிச்ச வேறுபாடு உள்ள விளிம்பு ஒன்று வேண்டும். வெள்ளைத் துணி, வெள்ளை அங்கி, மங்கிய வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் அது எதையும் பிடிக்க முடியாமல் ஓடும். புள்ளியைத் துணியின் நடுவிலிருந்து நகர்த்தி, துணியும் குழந்தையின் நெற்றியும் சந்திக்கும் கோட்டின் மேல் வையுங்கள். எஸ்.எல்.ஆர். கேமராக்களில் நடுப்புள்ளியே பெரும்பாலும் இருட்டில் திறமையானது என்பதால், நடுவில் பிடித்துவிட்டுச் சட்டகத்தைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம். மிக அருகில் சென்றுவிட்டீர்களா என்பதையும் பாருங்கள்; ஒவ்வொரு லென்ஸுக்கும் அதற்குக் குறைவாக ஃபோகஸ் பிடிக்காத தூரம் ஒன்று உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடினால், குழந்தையை ஏந்தியிருப்பவர் தொட்டியருகே வந்து நின்றதும் ஃபோகஸைப் பிடித்து, கைமுறை நிலைக்கு மாற்றிவிட்டு, நீங்களும் அசையாமல் நில்லுங்கள். அடுத்த சில நொடிகளுக்கு அவர்களும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

## முகம் கருத்துப்போகிறது, அல்லது வெள்ளை ஆடை வெளுத்துப்போகிறது

### முகம் கருப்பாகவும் பின்னாலுள்ள சன்னல் பளீரென்றும் இருந்தால்

கேமரா சன்னலைப் பார்த்து அளந்திருக்கிறது. சன்னல் உங்கள் முதுகுக்கோ பக்கத்துக்கோ வரும்படி இடம் மாறுவதே சிறந்த தீர்வு. மாற முடியாவிட்டால் எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு; ஒரு படி கூட்டினால் வெளிச்சம் இரு மடங்காகும்) ஒன்றரை முதல் இரண்டு படி வரை கூட்டுங்கள். சன்னல் வெளுத்துப்போகும், போகட்டும்.

### வெள்ளை ஆடை சாம்பல் நிறமாக வந்தால்

ஆடை சட்டகத்தை நிறைக்கும்போது, அவ்வளவு வெண்மையும் மிகையான வெளிச்சம் என்று கேமரா எடுத்துக்கொண்டு படத்தை இருட்டாக்குகிறது. ஒரு படி கூட்டுங்கள்.

### ஆடையில் பின்னல் வேலை தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாக வந்தால்

இது முந்தையதற்கு நேர் எதிரானது. சட்டகத்தின் பெரும்பகுதி இருண்ட ஆலயமாக இருக்கும்போது, அந்த இருட்டை வெளிச்சமாக்க முயன்று கேமரா குழந்தையை வெளுக்கச் செய்துவிடுகிறது. ஒரு படி குறையுங்கள். வெளுத்த இடங்கள் கண் சிமிட்டும் எச்சரிக்கை பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதை இயக்கிவைத்து, குழந்தையின் கழுத்தோரப் பின்னல் சிமிட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். மெழுகுதிரிச் சுடரும் சன்னலும் சிமிட்டினால் கவலையில்லை. கருத்துப்போன முகத்தை ரா கோப்பிலிருந்து ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போன பின்னலை மீட்க முடியாது. ஆகவே ஐயம் வரும்போது சற்று இருட்டாக எடுப்பதே பாதுகாப்பு.

படத்துக்குப் படம் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தால், ஐ.எஸ்.ஓ.-வையும் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு, ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் நீங்களே நிர்ணயியுங்கள். மேகம் மறைத்து விலகும் நாள் தவிர, ஆலயத்துக்குள் தொட்டியருகே உள்ள வெளிச்சம் சடங்கு முடியும்வரை பெரிதாக மாறுவதில்லை.

## தோல் நிறம் சரியாக வரவில்லை

எல்லாப் படங்களும் ஒரே மாதிரி ஆரஞ்சாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில், இழை விளக்குகளின் வெளிச்சம் ஏறத்தாழ 2700 முதல் 3200, பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைத் திருத்தும் அமைப்பை) தானியங்கியிலிருந்து எடுத்து 3200 அளவில் நிறுத்தினால் தீரும். ரா கோப்பாக எடுத்திருந்தால் பிறகு கணினியிலும் இழப்பின்றி மாற்றலாம். ஜேபெக் (சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான வகை) மட்டும் எடுத்திருந்தால் ஓரளவே முடியும்.

படத்துக்குப் படம் நிறம் மாறினால், அது தானியங்கி ஒயிட் பேலன்ஸின் வேலை. ஒரு எண்ணில் நிறுத்திவிடுங்கள். அந்த எண் சற்றுத் தவறாக இருந்தாலும் எல்லாப் படங்களையும் ஒரே அடியாகத் திருத்தலாம் என்பதுதான் அதிலுள்ள நன்மை.

முகத்தின் ஒரு பாதி ஆரஞ்சாகவும் மறுபாதி நீலமாகவும் இருந்தால், விளக்கும் சன்னலும் இரு பக்கத்திலிருந்து விழுகின்றன. எந்த எண்ணாலும் இரண்டையும் ஒருங்கே சரிசெய்ய முடியாது. தொட்டிக்கு நேர் மேலுள்ள விளக்கை அணைக்கலாமா என்று ஆலயப் பணியாளரிடம் முன்னதாகவே பணிவாகக் கேட்டுப் பாருங்கள். இயலாதென்றால் முகத்தில் அதிகம் விழும் வெளிச்சத்துக்கேற்ப எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னலிலிருந்து விழும் சிவப்பு, பச்சைத் திட்டுகளும் இவ்வாறே. எந்த நேரத்தில் அவை தொட்டியின் மேல் விழுகின்றன என்பது முந்தைய வாரச் சோதனையில் தெரிந்துவிடும். இந்த வகைப் படங்களுக்குக் கடைசிப் புகலிடம் கருப்பு வெள்ளை. அதைக் கலையம்சம் என்று சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. கேட்பவர்கள் நம்பினால் எனக்கு மறுப்பில்லை.

## படத்தில் கிடைமட்டமாகக் கருங்கோடுகள் ஓடுகின்றன

மின்விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் நொடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 120 முறையும் அந்தத் துடிப்பு நிகழ்கிறது. ஓசை வரக்கூடாது என்று பலர் மின்னணு ஷட்டருக்கு மாறுகிறார்கள். அது படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால் துடிப்பு கோடுகளாகப் பதிகிறது. இயந்திர ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் தீரும். துடிப்புத் தடுப்பு என்ற அமைப்பு கேமராவில் இருந்தால் அதையும் இயக்குங்கள். இரண்டும் போதவில்லையென்றால் ஷட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு 1/100, 60 ஹெர்ட்ஸுக்கு 1/125 என்று இறக்க வேண்டும். அப்போது குழந்தையின் அசைவு மங்கலாகும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், குழந்தை அடங்கியிருக்கும் நேரம் பார்த்து எடுக்க வேண்டியிருக்கும். ஷட்டரின் ஓசையைப் பற்றி அஞ்சுபவர்கள், குழந்தை அழத் தொடங்கிய பிறகு அது யார் காதிலும் விழாது என்பதை நினைவில் கொள்ளலாம்.

விளக்கே இல்லாத இடத்தில், பகல் வெளிச்சத்திலும் கோடு வந்தால் கோளாறு ஷட்டரிலோ சென்சாரிலோ இருக்கிறது. அது பழுது பார்ப்பவரின் வேலை.

## படம் புள்ளிப் புள்ளியாக, சொரசொரப்பாக இருக்கிறது

ஐ.எஸ்.ஓ. உயர்ந்தால் இது வரும், வரட்டும். மங்கலான படத்தை யாரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை. புள்ளிகள் உள்ள கூர்மையான படத்தை எல்லோரும் மாட்டுகிறார்கள். புள்ளிக்கு அஞ்சி ஐ.எஸ்.ஓ.-வை 1600-இல் நிறுத்தி, இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சமாக்கினால் 6400-இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்ததை விடப் பொதுவாக அதிகப் புள்ளிகளே கிடைக்கும். திரையில் முழு அளவில் பார்த்து முடிவு செய்யாமல், வழக்கமான அளவில் ஒரு பிரதி அச்சிட்டுப் பாருங்கள்.

எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரே கரும்புள்ளி என்றால் அது சென்சாரின் மேலுள்ள தூசி. அப்பர்ச்சரை எஃப் 16-க்கு மூடி வெண்சுவரை எடுத்தால் தெளிவாகத் தெரியும். முழுதாகத் திறந்து எடுக்கும் ஆலயப் படங்களில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. காற்றூதியால் ஒருமுறை ஊதிப் பார்க்கலாம், வாயால் ஊதக்கூடாது. போகவில்லையென்றால் சடங்கு முடிந்த பிறகு சுத்தம் செய்யக் கொடுங்கள். முந்தைய நாள் அதில் கை வைக்க வேண்டாம்.

## முக்கியத் தருணம் படத்தில் இல்லை

கேமராவில் ஒரு குறையும் இல்லாமல், இந்த ஒன்றினாலேயே கெடும் படத்தொகுப்புகள்தான் அதிகம். தலையில் மூன்று முறை நீர் ஊற்றுவது சில நொடிகளில் முடிந்துவிடும். மறுபடியும் செய்யச் சொல்ல முடியாது.

### குழந்தையின் முகத்தைக் கை மறைத்திருந்தால்

நின்ற இடம் தவறு. குருவானவர் எந்தக் கையால் நீர் ஊற்றுவார், எந்தப் பக்கம் நிற்பார், குழந்தையை அவரே ஏந்துவாரா, தாயோ ஞானத்தாயோ ஏந்துவாரா, குழந்தையின் தலை எந்தப் பக்கம் வரும் ஆகியவற்றை முன்னதாகவே அவரிடம் கேளுங்கள். சபைக்குச் சபை, குருவானவருக்குக் குருவானவர் இது மாறும். ஊற்றும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், குழந்தையின் தலையைக் குறுக்காகப் பார்க்கும்படி நின்றால் கை முகத்தை மறைக்காது. தொட்டியின் விளிம்பு மறைத்தால் ஒரு சிறு படியோ பெஞ்சின் முழங்காற்படியோ தரும் உயரம் போதும். மேலிருந்து சற்றே சாய்த்துப் பார்க்கும் கோணத்தில் நெற்றியும் நீரும் தெளிவாக வரும். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்ற அனுமதியையும் அப்போதே வாங்கிவிடுங்கள். பீடத்தைச் சுற்றியுள்ள பகுதிக்குள் படமெடுப்பவரை விடாத ஆலயங்கள் பல.

### உறவினர்களின் முதுகும் செல்பேசிகளும் முன்னே நின்றால்

சடங்கு தொடங்கிய பிறகு தீர்க்க வழியில்லை. குடும்பத்தில் குரலுக்கு மதிப்புள்ள பெரியவர் ஒருவரிடம், தொட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் காலியாக விடும்படி முன்னதாகவே சொல்லச் சொல்லுங்கள்; நீங்கள் சொன்னால் எடுபடாது. இடம் உண்மையிலேயே குறுகலாக இருந்தால், அகலக் கோண லென்ஸோடு முன்வரிசையில் முழங்காலிட்டு நிற்பது, நீள லென்ஸோடு பின்னால் நிற்பதைவிட மேல்.

### சடங்கின் வரிசை தெரியாமல் தவறவிட்டிருந்தால்

கத்தோலிக்க முறையில், வாசலில் வரவேற்று நெற்றியில் சிலுவை அடையாளம் இடுதல், இறைவார்த்தை வாசிப்பு, முதல் எண்ணெய்ப் பூசுதல், நீரை ஆசீர்வதித்தல், தீமையை விட்டுவிலகி விசுவாசத்தை அறிக்கையிடுதல், நீர் ஊற்றுதல், உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் பூசுதல், வெள்ளை ஆடை அணிவித்தல், பாஸ்கா மெழுகுதிரியிலிருந்து ஏற்றிய திரியைக் கொடுத்தல் என்று அது செல்லும். மற்ற சபைகளில் சில பகுதிகள் இராது, வரிசையும் மாறும். ஆராதனைத் தாளை முன்னதாக வாங்கி, படமெடுக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்த்தடாக்ஸ் முறையில் குழந்தையை மூன்று முறை நீரில் முழுதாக அமிழ்த்துவார்கள். நீர் சிதறும் என்பதால் கேமராவுக்கு ஓர் உறை வேண்டும். ஆடையின்றி இருக்கும் குழந்தையின் படங்களை எந்த அளவுக்கு எடுக்கலாம், யாரிடம் கொடுக்கலாம் என்பதைப் பெற்றோரிடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

திரியைக் கொடுக்கும் கட்டத்தைத் தொடக்கநிலையினர் பலர் விட்டுவிடுகிறார்கள், நீர் ஊற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணி. குழந்தை சுடரை நோக்கிக் கண்ணை அகல விரிக்கும் நேரம் அது. வெளிச்சமும் அப்போது முகத்திலேயே விழுகிறது.

### பொத்தானை அழுத்தியும் கேமரா எடுக்காமல் இருந்தால்

சுயநேர முறை அணைந்திருக்கிறதா, தொடர் படமெடுப்பு இயங்குகிறதா, தானாக அணையும் நேரம் மிகக் குறைவாக வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சில படங்களுக்குப் பிறகு கேமரா தயங்கினால், எழுதும் வேகம் குறைந்த மெமரி கார்டு காரணமாக இருக்கும். முழு நேரமும் தொடர்ச்சியாக அழுத்திக்கொண்டிராமல், ஒவ்வொரு முறை நீர் விழும்போதும் சிறு தொடராக எடுத்தால் மெதுவான கார்டும் சமாளிக்கும். பேட்டரியைச் சடங்குக்கு முந்தைய இரவு மின்னேற்றி, இரண்டாவது ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஃபிளாஷால் வரும் சிக்கல்கள்

பல ஆலயங்களில் சடங்கின்போது ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. கேட்காமலே அணைத்துவிடுவது நல்லது. தானியங்கி நிலையில் இருட்டைக் கண்டதும் உள்ளமைந்த ஃபிளாஷ் தானே எழும்பிவிடும் கேமராக்கள் உண்டு. வேறு நிலைக்கு மாறுவதே அதற்குத் தீர்வு. ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கும் குழந்தையின் கண்ணில் அடிக்கும். அதைப் பட்டியலில் தனியாக அணைக்க வேண்டும்.

அனுமதி கிடைத்தும் படம் முன்னே வெளுத்துப் பின்னே கருப்பாக வந்தால், உள்ளமைந்த ஃபிளாஷின் எல்லை அவ்வளவுதான். வழிகாட்டு எண் (ஃபிளாஷின் வலிமையைக் குறிப்பது) 12 மீட்டர் உள்ள ஒன்று, ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப் 5.6-க்கு ஏறத்தாழ 2 மீட்டர் வரைதான் எட்டும். ஐ.எஸ்.ஓ.-வை உயர்த்தினால் எட்டும் தூரமும் கூடும், பின்புறமும் தெரியத் தொடங்கும். தனி ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பும் உத்தி வீட்டில் பலிக்கும். உயர்ந்த கூரையுள்ள ஆலயத்தில் வெளிச்சம் திரும்பியே வராது, மரக்கூரை என்றால் வரும் கொஞ்சமும் பழுப்பாக வரும்.

## குழுப்படத்தில் பின்வரிசை மங்குகிறது, ஓரத்திலுள்ளவர்கள் பருத்துத் தெரிகிறார்கள்

பின்வரிசை மங்கினால் அப்பர்ச்சர் அதிகம் திறந்திருக்கிறது. சிறிய சென்சாரில் 35 மி.மீ. லென்ஸோடு 3 மீட்டரிலிருந்து எஃப் 5.6-இல் எடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழம் கிடைக்கும். இரண்டு வரிசைக்கு அது தாராளம். முன்வரிசையிலுள்ள ஒருவரின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். ஓரத்திலுள்ளவர்கள் பருத்தால் அது மிக அகலக் கோணத்தின் விளைவு, 18 மி.மீ.-ஐ விட்டுவிட்டு, பின்னே நகர்ந்து 35 மி.மீ.-இல் எடுங்கள். தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்தால் கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார் என்பதால் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழுதால் அதையும் எடுங்கள். பெற்றோர் பிறகு தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.

## செல்பேசியில் எடுத்தவை மட்டும் குழம்பியிருக்கின்றன

இரவு நிலை பல நொடிகளின் வெளிச்சத்தைச் சேர்த்து ஒரே படமாக்குவதால் அசையும் குழந்தை கரைந்துபோகும், அதை அணையுங்கள். விரலால் பெரிதாக்காமல் நடந்து அருகே செல்லுங்கள். பின்புறத்தை மங்கலாக்கும் உருவப்பட நிலை, பின்னல் ஆடையின் ஓரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

## கார்டைக் கேமரா படிக்க மறுக்கிறது

கேமரா கேட்டாலும் ஃபார்மட் செய்யாதீர்கள். அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் உடனே வெளியே எடுத்து, பக்கத்திலுள்ள சிறு பூட்டை இறக்கி, வேறு கார்டைப் போட்டு வேலையைத் தொடருங்கள். வீட்டுக்கு வந்ததும் கார்டின் பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, வேறொரு கார்டு ரீடரில் செருகிப் பாருங்கள். பல முறை கோளாறு ரீடரில்தான் இருக்கும். கணினி கார்டை அடையாளம் கண்டும் படங்களைக் காட்டவில்லையென்றால், கோப்பு மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டி, மீட்கப்படுபவற்றை அதே கார்டில் எழுதாமல் கணினியின் வட்டில் எழுதுங்கள். கணினி கார்டையே அடையாளம் காணாவிட்டால், அல்லது கார்டு விரிந்தோ வளைந்தோ சூடாகவோ இருந்தால், மேற்கொண்டு எதையும் முயலாமல் தரவு மீட்பு நிலையத்திடம் கொடுங்கள். கட்டணம் பெரும்பாலும் கார்டின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆகவே கொடுப்பதற்கு முன், அன்று வந்திருந்த உறவினர்களின் செல்பேசிகளில் என்னென்ன படங்கள் இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.